பத்திரிகைத் தொழிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியுமா? ஒரு பழைய வழக்கு

வேளச்சேரி ரயிலடி (இழையைத் தொடங்கியவர்)
சனி, காலை 7.40

என் மகள் தமிழ் இளங்கலை முடித்திருக்கிறாள். இதழியல் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. வரும் வெள்ளிக்குள் பணம் கட்ட வேண்டும். இந்த நேரம் பார்த்து என் மைத்துனர் வந்து குட்டையைக் குழப்பிவிட்டார். அவர் ஒரு நாளிதழில் இருபது ஆண்டுகளாக நிருபர். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அங்கே இரண்டு வருடம் உட்கார்ந்து படிப்பதை எங்கள் அலுவலகத்தில் இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்வாள்" என்று இலையின் முன்னால் உட்கார்ந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

நான் வங்கிக்காரன். பத்திரிகை என்பது எனக்குக் காலைக் காபிக்குத் துணை, அவ்வளவுதான். இந்தப் படிப்பை முதன்முதலில் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர்கள் யார், எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்தால் மைத்துனருக்கு ஒரு பதிலாவது சொல்லலாம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பட்டறைக்காரன்
சனி, காலை 8.05

மைத்துனர் சொன்னதில் தவறில்லை ஐயா. நான் பதினோரு ஆண்டு நிருபராக ஓடிவிட்டு இப்போது ஓர் இணைய இதழில் இருக்கிறேன். தீர்ப்பு நகல் கேட்டு எந்த மேசைக்குப் போக வேண்டும், பிணவறை வாசலில் நிற்பவரிடம் முதல் சொல்லாக எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் எந்தப் பாடநூல் இருக்கிறது?

வரலாறுதான் வேண்டுமென்றால் ஒரு வரியில் முடித்துவிடலாம். 1908, அமெரிக்கா, கொலம்பியா. புலிட்சர் என்ற பத்திரிகை முதலாளி பணம் கொடுத்தார், பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது.

சேப்பாக்கம் நூலகம்
சனி, காலை 9.20

பட்டறைக்காரன் அவர்கள் ஒரு வரியில் இரண்டு ஊர்களை ஒன்றாக்கிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, பலரும் சறுக்கும் இடம் இது.

1908-ல் இதழியல் பள்ளி திறந்தது மிசௌரி பல்கலைக்கழகத்தில். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் கொலம்பியா. புலிட்சர் பணம் கொடுத்தது நியூயார்க் நகரத்தில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு, அங்கே வகுப்பு தொடங்கியது 1912-ல். ஊர்ப் பெயர் ஒன்று, பல்கலைக்கழகப் பெயர் ஒன்று, நடுவில் பாதி அமெரிக்கா.

கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதியின் தளபதி ராபர்ட் லீ, போருக்குப் பிறகு வர்ஜீனியாவில் வாஷிங்டன் கல்லூரியின் தலைவரானார். நொந்துபோன தென்பகுதியை மறுபடி எழுப்பப் படித்த பத்திரிகைக்காரர்கள் வேண்டும் என்று நினைத்து, 1869-ல் அச்சுத் தொழிலுக்கும் பத்திரிகைக்கும் போக விரும்பும் இளைஞர்களுக்கு உதவித்தொகை அறிவித்தார். உதவித்தொகை பெறும் மாணவர் நாளுக்கு ஒரு மணி நேரம் உள்ளூர் அச்சகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த ஆண்டே லீ இறந்துவிட்டார். திட்டம் சில ஆண்டுகள் பெயருக்கு உயிரோடு இருந்து அடங்கிவிட்டது. வகுப்பறையும் அச்சகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த முதல் முயற்சியிலேயே இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். பின்னால் வருகிறேன்.

ஐரோப்பாவிலும் வேலை நடந்தது. பாரிஸில் 1899-ல் இதழியலுக்கென்றே ஓர் உயர்கல்விப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். ஆகவே மிசௌரிக்காரர்கள் "உலகின் முதல்" என்று சொல்லிக்கொள்ளும்போது "பல்கலைக்கழகத்துக்குள்" என்ற சொல்லையும் சேர்த்தால்தான் நியாயம்.

மிண்ட் தெரு
சனி, காலை 10.02

அமெரிக்காவுக்கு விமானம் ஏறுமுன் நம் தெருவைக் கொஞ்சம் பார்ப்போம்.

1878 செப்டம்பர் 20. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, மிண்ட் தெருவில் ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதி அச்சடித்து இந்து பத்திரிகையைத் தொடங்கினார்கள். தி. முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் ஏளனம் செய்தன. அதற்குப் பதில் சொல்ல இவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. கோபம்தான் மூலதனம்.

அந்த ஆறு பேர் யார்? ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். மற்ற நால்வர் சட்ட மாணவர்கள். அச்சகத்தில் மை தொட்டு வளர்ந்தவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் கல்லூரி உருவாக்கிய ஆட்கள். இதழியல் வகுப்பு என்று ஒன்று இருப்பதாக அவர்கள் கனவிலும் கேட்டதில்லை.

ஆகவே பட்டறைக்காரன் கட்சியும் ஜெயிக்கவில்லை, கல்லூரிக் கட்சியும் ஜெயிக்கவில்லை.

பட்டறைக்காரன்
சனி, காலை 10.15

கல்லூரியில் படித்தவர்கள்தான், ஆனால் சட்டமும் கணக்கும் படித்தவர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்? நல்ல படிப்பு ஏதாவது ஒன்று படிக்கட்டும். பத்திரிகையைப் பத்திரிகையிலேயே கற்கட்டும். பாரதி எந்த இதழியல் கல்லூரியில் படித்தார்?

மிண்ட் தெரு
சனி, காலை 10.31

பாரதி என்றதும் வாயடைத்துவிடுவோம் என்று நினைக்கிறீர்கள். 1904-ல் மதுரையில் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்துவிட்டு, சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சென்னைக்கு வந்தார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் பெயர்ப்பது அங்கே அவருக்குத் தினசரி வேலை. மேலே இருந்தவர் அதே ஜி. சுப்பிரமணிய ஐயர். பள்ளி வாத்தியார் வேலையிலிருந்து பத்திரிகைக்கு வந்த ஒருவருக்குக் கீழே பள்ளி வாத்தியார் வேலையிலிருந்து பத்திரிகைக்கு வந்த இன்னொருவர். அதை நான் வகுப்பு என்றுதான் சொல்வேன். மாணவர் ஒருவர்தான், ஆசிரியரும் ஒருவர்தான், தேர்வு மட்டும் தினமும் காலையில் தெருவில் விற்றது.

எல்லாருக்கும் ஒரு சுப்பிரமணிய ஐயர் கிடைப்பாரா என்பதுதான் கேள்வி.

சேப்பாக்கம் நூலகம்
சனி, பிற்பகல் 2.10

மிண்ட் தெரு ஐயா சொன்னதை வைத்துக்கொண்டே மேலே போகிறேன். சென்னையில் கல்லூரி பத்திரிகையைப் பெற்றது. அமெரிக்காவில் அதற்கு நேர்மாறு, பத்திரிகைக்காரர்கள் கல்லூரிப் படிப்பைப் பெற்றார்கள். அதுவும் பல்கலைக்கழக வாசலை மாணவராக மிதிக்காதவர்கள்.

மிசௌரிப் பள்ளியின் முதல் தலைவர் வால்டர் வில்லியம்ஸ். சிறு வயதில் பூன்வில் என்ற ஊரில் அச்சகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். பிறகு பத்திரிகை ஆசிரியர். பட்டம் கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு பல்கலைக்கழகத் துறைக்குத் தலைவராகி, 1931-ல் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார்.

புலிட்சர் ஹங்கேரியிலிருந்து வந்த குடியேறி. உள்நாட்டுப் போரில் குதிரைப்படையில் இருந்தவர். அவரும் பல்கலைக்கழகம் போனவர் அல்லர். 1892-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் பணம் தருகிறேன், பத்திரிகைக் கல்லூரி தொடங்குங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய பத்திரிகை பரபரப்புக்குப் பேர்போனது. அந்தப் பணத்தைத் தொட்டால் கை கறைபடும் என்று நினைத்திருக்கலாம், இது என் ஊகம். 1903-ல்தான் ஒப்பந்தமானது. தொகை 20 லட்சம் டாலர். பள்ளி திறப்பதைப் பார்க்க அவர் இல்லை, 1911-ல் இறந்துவிட்டார்.

மைத்துனருக்குப் பதில் கேட்டீர்களே ஐயா, அதைப் புலிட்சரே 1904-ல் ஒரு கட்டுரையில் எழுதி வைத்துவிட்டார். "பத்திரிகைக்காரன் பிறக்கிறான், உருவாக்கப்படுவதில்லை" என்று அன்றும் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர் சொன்னதன் சாரம்: நம் குடியரசில் ஒருவன் பிறந்துவிட்டதாலேயே வெற்றிகரமாக வகிக்கக்கூடிய பதவி முட்டாள் பதவி ஒன்றுதான்.

வேளச்சேரி ரயிலடி
சனி, பிற்பகல் 2.25

இதை மைத்துனருக்கு அனுப்பினால் பொங்கலுக்கு வரமாட்டார்.

சேப்பாக்கம் நூலகம்
சனி, பிற்பகல் 3.05

அனுப்பாதீர்கள் ஐயா. மைத்துனர் பக்கத்திலும் பெரிய ஆட்கள் இருந்தார்கள்.

அந்த ஒப்பந்த நேரத்தில் புலிட்சர் ஹார்வர்டு தலைவர் சார்லஸ் எலியட்டிடமும் கருத்துக் கேட்டார். எலியட் ஒரு பாடத்திட்டம் போட்டுக் கொடுத்தார். அதில் பத்திரிகை நிர்வாகம், விளம்பரம், விற்பனை, அச்சு இயந்திரம் எல்லாம் இருந்தன. புலிட்சருக்கு அது பிடிக்கவில்லை. காசு பண்ணத் தெரிந்தவர்களை உருவாக்க ஒரு கல்லூரி எதற்கு, அதை என் அலுவலகத்திலேயே கற்கலாம் என்பது அவர் கட்சி. அவர் கேட்டது சட்டம், வரலாறு, பொருளாதாரம், அறம். ஒரு பெரிய வியாபாரி வியாபாரம் வேண்டாம் என்கிறார், ஒரு பெரிய கல்வியாளர் வியாபாரம் கற்றுக்கொடு என்கிறார். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இது.

மிசௌரி இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. 1908 செப்டம்பர் 14, திங்கட்கிழமை பள்ளி திறந்தது. அன்றைக்கே மாணவர்கள் ஒரு நாளிதழை அச்சடித்துத் தெருவில் விற்றார்கள். கல்லூரி மலர் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த ஊர் முழுவதற்குமான செய்தித்தாள். பெயர் மாறி இன்றும் வருகிறது. வில்லியம்ஸ் அச்சகத்தில் வளர்ந்தவர் அல்லவா, தான் கற்ற அச்சகத்தையே வகுப்புக்குள் தூக்கிக்கொண்டுவந்து வைத்துவிட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் பிளேயர் 1904-05 கல்வியாண்டிலேயே இதழியலை ஒரு பாடமாகத் தொடங்கியிருந்தார். அவர் போன வழி சமூக அறிவியல் பக்கம். இந்த இரண்டு வழிகளைத்தான் பிற்பாடு உலகம் முழுவதும் கலந்து கலந்து பரிமாறியது.

பழைய புரூஃப்
சனி, இரவு 9.48

இந்த இழையை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு தமிழ் நாளிதழில் 34 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். பிழைதிருத்துபவனாகச் சேர்ந்து, உதவி ஆசிரியனாகி, செய்தி ஆசிரியனாக வெளியே வந்தேன். அமெரிக்கக் கதை நன்றாக இருக்கிறது. நம் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓர் ஆசையில், மாலை நேர இதழியல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. பாடம் முழுக்க ஆங்கிலம். தலைப்பு எழுதுவது எப்படி என்று ஒரு மாலை நடத்தினார்கள். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு மதிப்பு. ஒல்லியான எழுத்துக்கு அரை, பருத்த எழுத்துக்கு ஒன்றரை, மற்றதற்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் தலைப்பு ஒரு பத்தி அகலத்தில் அடங்குமா என்று தெரிந்துவிடும். அருமையான முறை. குறிப்பேட்டில் அழகாக எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் "மொழிப் போர்" என்று ஒரு தலைப்பு எழுதினேன். இந்தக் கணக்குப்படி தாராளமாக அடங்க வேண்டும். அச்சுக்கோக்கும் பிரிவிலிருந்து ஃபோர்மேன் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். அவர் எழுத்துகளை அடுக்கும் அச்சுக்கோலைக் கையில் கொடுத்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டினார். "மொ" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. அவர் விரலுக்கு மூன்று: கொம்பு ஒன்று, ம ஒன்று, கால் ஒன்று. "போ" மறுபடியும் மூன்று. "தம்பி, உங்கள் எழுத்து வேறு, எங்கள் எழுத்து வேறு" என்றார். அவர் எட்டாம் வகுப்புத் தாண்டாதவர்.

அன்றிலிருந்து தலைப்பை நான் கொம்பு, கால் கணக்கில்தான் எழுதினேன். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து லை, னை போன்றவற்றின் பழைய வடிவம் போனபோது அந்தக் கணக்கும் மாறியது. முன்பு யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு ஒரே அச்சாக இருந்தது, இரண்டு அச்சாகப் பிரிந்தது. இதையெல்லாம் எந்தக் கல்லூரி சொல்லிக்கொடுத்தது?

பட்டறைக்காரன்
சனி, இரவு 9.55

ஐயா, காலில் விழுகிறேன். இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய புரூஃப்
சனி, இரவு 10.04

அவசரப்படாதீர்கள் தம்பி. நான் உங்கள் கட்சி இல்லை. ஃபோர்மேன் கற்றுக்கொடுத்தது எனக்கு ஒருவனுக்குத்தான். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த அறிவு அவரோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டது. எழுதி வைக்க ஒரு துறை இருந்திருந்தால் இன்று அது ஒரு பாடமாக இருந்திருக்கும். கல்லூரி வேண்டாம் என்பதல்ல என் குறை. கல்லூரி தமிழ் அச்சகத்துப் பக்கம் வரவில்லை என்பதுதான்.

மட்டுறுத்துநர்
ஞாயிறு, காலை 6.30

நள்ளிரவுக்குப் பிறகு எழுத்துச் சீர்திருத்தம் பற்றி வந்த பதினேழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய்ச் சண்டையைத் தொடரலாம்.

மிண்ட் தெரு
ஞாயிறு, காலை 8.15

பழைய புரூஃப் ஐயா சொன்ன ஓட்டையை அடைக்க ஒரு வாய்ப்பு வந்தது. இதே ஊரில், அடையாற்றில்.

அன்னி பெசன்ட் 1914-ல் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு என்ற நாளிதழை வாங்கி நியூ இந்தியா என்று பெயர் மாற்றினார். தன்னாட்சி இயக்கத்தின் முரசு அது. 1910-ம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்கீழ் அரசு அதன்மேல் பிணைத்தொகை போட்டது, பிறகு அதைப் பறிமுதல் செய்தது, இன்னும் பெரிய தொகை கேட்டது. 1917-ல் அவரை ஊட்டியில் காவலில் வைத்தார்கள். அதே ஆண்டு கடைசியில் காங்கிரஸ் தலைவராக்கி நாடு பதில் சொன்னது.

அந்தச் சூட்டில் பிறந்ததுதான் தேசியக் கல்வி முயற்சியும், அடையாற்றின் தேசியப் பல்கலைக்கழகமும். வேந்தர் ரவீந்திரநாத் தாகூர். (அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மதனப்பள்ளிக் கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் 1919-ல் தாகூர் ஜன கண மன பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இழைக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அங்கே 1920-ல் ஆங்கிலத் துறையின் கீழ் இதழியல் பாடம் வைத்தார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக அளவில் இதுவே முதல் முயற்சி என்கிறார்கள். செய்முறைப் பயிற்சிக்கு மாணவர்கள் நியூ இந்தியா அலுவலகத்துக்குப் போனார்கள்.

வகுப்பு ஆற்றங்கரையில், பயிற்சி நடப்பு நாளிதழில். லீ நினைத்ததும் வில்லியம்ஸ் செய்ததும் இதுதானே? ஆனால் அரசு அங்கீகாரம் இல்லாத பட்டம். காந்தி அலை எழுந்ததும் பெசன்ட் ஓரங்கட்டப்பட்டார். பல்கலைக்கழகம் நிலைக்கவில்லை, பாடமும் அதோடு போனது. "ஆங்கிலத் துறையின் கீழ்" என்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஓட்டை அன்றைக்கே விழுந்துவிட்டது.

சேப்பாக்கம் நூலகம்
ஞாயிறு, காலை 10.40

அதற்குப் பிறகு நாட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1938-ல் அலிகரில் ஒரு பட்டயப் படிப்பு தொடங்கி இரண்டே ஆண்டில் மூடப்பட்டது. 1941-ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் தொடங்கியதுதான் நிலைத்தது. தொடங்கியவர் பிரித்வி பால் சிங், மிசௌரியில் படித்தவர். நிலைத்தது என்றா சொன்னேன்? 1947 பிரிவினையில் லாகூர் அந்தப் பக்கம் போய்விட்டது. துறை டெல்லிக்கு வந்து, 1962-ல் சண்டிகருக்குப் போனது. ஒரு பல்கலைக்கழகத் துறையே அகதியாக ஊர் ஊராகப் போன கதை.

அதே 1947-ல் நம் சென்னைப் பல்கலைக்கழகம் இதழியல் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 1951-ல் மைசூர் மகாராஜா கல்லூரியில் நாடிக் கிருஷ்ணமூர்த்தி. அவரும் மிசௌரிக்காரர். அடுத்து நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரி, அங்கே சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ரோலண்ட் வோல்ஸ்லி வந்தார். 1954-ல் ஹைதராபாத் உஸ்மானியா. எங்கே பார்த்தாலும் அமெரிக்க வாசனை. ஏன் பிரிட்டிஷ் வாசனை இல்லை தெரியுமா? பிரிட்டனில் அப்போது துறையே இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1919-ல் ஒரு பட்டயப் படிப்பு நடத்தி, 1939-ல் போர் வந்ததும் மூடிவிட்டது. பிறகு 1970-ல் கார்டிஃபில்தான் மீண்டும் திறந்தார்கள். நடுவில் 31 ஆண்டு அங்கே மைத்துனர் கட்சி ஆட்சி. சேப்பாக்கத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நம்மை ஆண்டவர்களின் நாட்டில் அப்படியொரு வகுப்பே கிடையாது.

இன்னொரு வழியும் இருந்தது, ஜெர்மன் வழி. லைப்சிக் நகரில் 1650-லேயே நாளிதழ் வந்துவிட்டது. 1690-ல் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தோபியாஸ் பாய்சர் என்ற மாணவர் செய்தித்தாள்களைப் பற்றி லத்தீனில் ஒரு முனைவர் ஆய்வேடு எழுதினார். 1916-ல் அங்கேயே பொருளியல் பேராசிரியர் கார்ல் பியூஷர் செய்தித்தாளியல் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பத்திரிகைகள் எழுதிய போர்க்காலப் பொய்களைப் பார்த்துப் பியூஷருக்கு ஆற்றாமை. அமெரிக்கர்கள் பத்திரிகை நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். ஜெர்மானியர்கள் பத்திரிகையை ஆராயக் கற்றுக்கொடுத்தார்கள்.

பழைய புரூஃப் ஐயாவின் ஃபோர்மேனுக்கு இந்த ஜெர்மன் வழிதான் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். அவருடைய கொம்புக் கணக்கை யாராவது ஆய்வேடாக எழுதியிருக்க வேண்டும்.

பட்டறைக்காரன்
ஞாயிறு, காலை 11.20

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் சேர்ந்தபோது எனக்குக் கற்றுக்கொடுக்க ஒரு தலைமை நிருபர் இருந்தார். நான் எழுதியதைக் கிழித்து முகத்துக்கு நேரே போடுவார், பிறகு டீ வாங்கித் தருவார். இப்போது என் அலுவலகத்தில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அப்படி உட்கார்ந்து கிழிக்க எனக்கு நேரமில்லை. ஒரு மணி நேரத்தில் நான்கு செய்தி ஏற்ற வேண்டும். "அலுவலகத்தில் கற்றுக்கொள்" என்று நாம் சொல்லும் அலுவலகம் இப்போது இருக்கிறதா என்று நேற்று இரவு யோசித்தேன். பதில் பிடிக்கவில்லை.

ஆனாலும் வகுப்பறைமேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

வேளச்சேரி ரயிலடி
ஞாயிறு, மாலை 5.00

நான் கேட்டது ஒரு பிடி, நீங்கள் கொடுத்தது ஒரு மூட்டை. மகள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். அவளே எழுத வேண்டும் என்கிறாள். கீழே எழுதுவது அவள்.

ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம். பழைய புரூஃப் ஐயாவிடம் ஒரு கேள்வி. தமிழ் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறேன். அங்கே எனக்குக் கிடைக்காதது எது, அதை எங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டும்?

பழைய புரூஃப்
ஞாயிறு, மாலை 6.12

வாம்மா. கேள்வியை விடு. முதலில் ஒரு வேலை கொடுக்கிறேன். 1908-ல் மிசௌரிப் பள்ளி திறந்ததை, நாளைக் காலைத் தாளுக்கு ஒரே வாக்கியத்தில் செய்தியாக எழுது. தேவையான விவரமெல்லாம் இந்த இழையிலேயே இருக்கிறது.

வேளச்சேரி ரயிலடி
ஞாயிறு, மாலை 6.30

உலக வரலாற்றிலேயே முதன்முறையாக இதழியலுக்கென்று தனியானதொரு பள்ளி அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908-ம் ஆண்டு தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. (மகள்)

பழைய புரூஃப்
ஞாயிறு, மாலை 6.51

"குறிப்பிடத்தக்கது" எடுத்துவிடு. குறிப்பிடத்தக்கது இல்லையென்றால் நீ ஏன் எழுதுகிறாய்? "உலக வரலாற்றிலேயே முதன்முறையாக" என்பதற்குப் பாரிஸ்காரர்கள் நாளைக்கே மறுப்புக் கடிதம் அனுப்புவார்கள். நூலகத்து அம்மா நேற்றே எச்சரித்துவிட்டார், நீ படித்தும் எழுதியிருக்கிறாய். "தொடங்கப்பட்டது" என்றால் யார் தொடங்கினார்கள்? ஆள் இல்லாமல் வினை நடக்காது. நாள் எங்கே? எல்லாவற்றையும்விட முக்கியமாக, அன்று நடந்ததிலேயே சுவையான ஒன்றை விட்டுவிட்டாய். பள்ளி திறப்பது செய்தியா? தினமும் எங்கோ ஒரு பள்ளி திறக்கிறது.

வேளச்சேரி ரயிலடி
ஞாயிறு, இரவு 7.40

மிசௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளி மாணவர்கள், பள்ளி திறந்த திங்கட்கிழமையே (1908 செப்டம்பர் 14) ஊருக்கான நாளிதழ் ஒன்றை அச்சடித்து வெளியிட்டார்கள். (மகள்)

பட்டறைக்காரன்
ஞாயிறு, இரவு 7.44

இது நன்றாக இருக்கிறது. முகத்துக்கு நேரே கிழிக்க மாட்டேன்.

பழைய புரூஃப்
ஞாயிறு, இரவு 7.58

அச்சுக்குப் போகலாம். நீ கேட்டதற்கும் பதில் இதுதான்: எழுதியதைத் திருத்த ஒரு ஆளைப் பிடித்துக்கொள். வகுப்பிலும் தேடு, வெளியிலும் தேடு. இப்போது தலைப்பு. ஒரு பத்தி அகலம், ஒரே வரி.

வேளச்சேரி ரயிலடி
ஞாயிறு, இரவு 8.03

வகுப்பு தொடங்கிய நாளிலேயே நாளிதழ் வெளியீடு. (மகள்)

பழைய புரூஃப்
ஞாயிறு, இரவு 8.06

ஃபோர்மேன் திருப்பி அனுப்பிவிட்டார்.

வேளச்சேரி ரயிலடி
ஞாயிறு, இரவு 8.29

முதல் நாளே முதல் இதழ். (மகள்)

பழைய புரூஃப்
ஞாயிறு, இரவு 8.31

அடங்கும். ஒரே ஒரு கொம்புதான் இருக்கிறது, அதற்கு இடம் இருக்கிறது.